படத்தில் இருப்பதை மட்டும்

1

ஒரு பழைய குடும்பப் படத்தில் நின்றிருந்த ஆளின் பாதம் தரையில் படவில்லை. ஊரில் இல்லாதவரை வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டியிருந்தார் ஸ்டூடியோக்காரர். யார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் இந்தக் கதையை எழுதும் தொல்லை மிச்சமாகியிருக்கும்.

2

நவுவா ஆற்றின் மேல் அந்தி சாய்ந்தபோது, ப்ரேமிலா…

வேண்டாம். எத்தனை கதையில்தான் அந்தி சாயும்? தென்னிந்தியர் சங்கம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் பகலெல்லாம் பிள்ளைகளிடம் கத்திவிட்டு, சாயங்காலம் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தருகிற ப்ரேமிலா டீச்சர் களைத்திருந்தாள். வீட்டுப் படத்தைக் கொண்டுவந்து வர்ணிக்கச் சொன்னால், ‘இவர் என் மாமா, நல்லவர்’ என்பதோடு எல்லாரும் நிறுத்திவிடுகிறார்கள். அதனால் அன்று படங்களை மாற்றிக்கொள்ளச் சொன்னாள். தெரிந்ததை எழுதக் கூடாது, படத்தில் இருப்பதை மட்டும் எழுத வேண்டும்.

3

வகுப்பில் இருந்த சரோஜின் படம், கூடப் படிக்கும் கோவிந்திடம் போனது. அவர் மகனுக்குத்தான் சரோஜின் மகளைப் பேசி முடித்திருந்தார்கள். புருஷனுக்குப் பக்கத்துத் தீவில், லம்பாசா சர்க்கரை மில்லில் வேலை, போன வருஷம் லீவில் வந்தபோது எடுத்த படம் என்று அவரிடம் சொல்லியிருந்தாள். உண்மையில் மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே போனவன் அவன், திரும்பவே இல்லை.

(இவளைக் கொஞ்சம் கெட்டிக்காரியாக எழுதியிருக்கலாம். ஆனால் வகுப்புக்குக் கொண்டுவர அவள் வீட்டில் இருந்ததே அந்த ஒரு படம்தான்.)

வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சரோஜ் கேட்டாள். எல்லாருக்கும் ஒரே சட்டம் என்றாள் ப்ரேமிலா. அப்புறம்தான் கோவிந்தின் தோளுக்கு மேலாக, படத்தில் சரோஜின் புருஷனின் பாதங்கள் தரையில் படாததைப் பார்த்தாள். இனிமேல் படத்தைப் பிடுங்கினால் தானே காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

4

(மழையை வரவழைத்து வகுப்பைக் கலைக்கலாமா என்று யோசித்தேன். நவுவாவில் மழைக்கா பஞ்சம்? மழை விட்டதும் கோவிந்த் வாசித்துத்தானே தீருவார்.)

கோவிந்த் எழுந்து, திக்கித் திக்கி ஆங்கிலத்தில் வாசித்தார். ஒரு அம்மா. பக்கத்தில் ஒரு பெண். பெண்ணின் சடையில் பூ இருக்கிறது. அம்மா நேராக உட்கார்ந்திருக்கிறாள். அவள் களைத்திருக்கிறாள்.

“முடிஞ்சுதா?” என்றாள் ப்ரேமிலா.

“முடிஞ்சுது டீச்சர். அங்க இருந்தவங்களை எழுதிட்டேன்.”

படத்தைச் சரோஜின் முன்னால் கவிழ்த்து வைத்தார்.

5

கல்யாணம் நடந்ததாக ஒரு முடிவு எழுதினேன், நம்ப முடியவில்லை. நின்றுபோனதாக எழுதினேன், மனசு கேட்கவில்லை. இரண்டையும் அடித்துவிட்டேன். அவர் சொன்னது பெருந்தன்மையா, குத்தலா, எனக்கே தெரியவில்லை. எனக்கும் அலுத்துவிட்டது.

வகுப்பு கலைகிறது. கோவிந்த் வாசலைத் தாண்டிவிட்டார். சரோஜ் பின்னாலேயே ஓடி, “சம்பந்தி” என்று கூப்பிடுகிறாள்.

அவர் திரும்புகிறாரா என்று நீங்கள் பாருங்கள். நான் பார்க்கமாட்டேன்.