பத்ரிநாராயணனுக்கு வந்த ஃப்ளூ

1

இந்தக் கதை ஒரு தும்மலிலிருந்து கிடைத்தது. ராஜகீழ்ப்பாக்கத்தில் பக்கத்து போர்ஷன்காரர் தும்மிவிட்டு, "ஃப்ளூ" என்று பெருமையாக அறிவித்தார். எண்பதுகளில் எங்கள் பக்கம் குமாஸ்தாவுக்கு ஜலதோஷம் வரும். ஆபீசருக்கு ஃப்ளூ வரும்.*

* பியூனுக்கு எதுவும் வராது. லீவு கிடையாதே.

2

'கார்த்திகை மழையில் நோயின் நிழல் மெல்லக் கவிந்த அந்த மாலையில்...'

வேண்டாம். ரொம்ப ஜம்பம்.

ஆபீசர் பத்ரிநாராயணன், வீட்டின் ஒரே கட்டிலில் மஃப்ளரோடு படுத்திருந்தார். சில நாளாக மூக்கு ஒழுகல். வெந்நீர், மிளகு ரசம் என்று மனைவி சாவித்ரி அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். முந்தின நாளிலிருந்து அவளுக்கும் உடம்பு அனலாகக் கொதித்தது. அடித்துப் போட்டாற்போல் வலி. ஆனால் தும்மவில்லை. தும்மாதவர்களுக்கு ஃப்ளூ கிடையாது என்பது பத்ரியின் கட்சி. வேலை ஜாஸ்தி, அதான் சுடுகிறது என்று தீர்ப்பும் சொல்லியாயிற்று.

[இவரை வில்லனாக்கப் பார்த்தேன். முடியவில்லை. இருமல் வந்தால் அவள் பக்கம் இருமாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.]

3

டாக்டர் அருள்மேரி அவருக்காகத்தான் வந்தார். எப்போது ஆரம்பித்தது என்றார். முதலில் தொண்டை, அப்புறம் மூக்கு என்று பத்ரி படிப்படியாக ஒப்பித்தார். காபி நீட்டிய சாவித்ரியின் கையைத் தொட்டுப் பார்த்த டாக்டர், அதே கேள்வியை அவளிடமும் கேட்டார்.

"நன்னாத்தான் இருந்தேன், டாக்டர். அடுப்பில பால் வெச்சேன். பொங்கறதுக்குள்ள குளிர் தூக்கிப் போட்டுடுத்து."

"சார், உங்களோடது சாதாரண ஜலதோஷம். மெதுவா வந்திருக்கு, தானா போயிடும். ஃப்ளூ இவங்களுக்கு வந்த மாதிரிதான் திடீர்னு வந்து சாய்க்கும். டெஸ்ட் இல்லாம சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா படுக்க வேண்டியது இவங்க. மூச்சு வாங்கினா உடனே கூட்டிட்டு வாங்க."

பத்ரி, பதவி பறிபோனவர்போல் எழுந்தார். அவர் கண்களில் அப்போது... [இந்த வரியை அடித்துவிட்டேன்.] தலையணை உறையை மாற்றினார். "சாவித்ரி, வந்து படு" என்றார்.

4

ஒரு முடிவில் அவளுக்கு மூச்சு வாங்குகிறது. எழுதக் கை வரவில்லை. இன்னொன்றில் பத்ரி அடியோடு திருந்திவிடுகிறார். நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

இப்போதைக்கு அவர் ஒரு பிடி நொய்யோடு அடுப்படியில் நிற்கிறார். கஞ்சிக்கு எவ்வளவு தண்ணீர் என்று அவளைக் கேட்டால் எழுந்து வந்துவிடுவாள். எனக்கும் தெரியாது. உங்களில் யாருக்காவது தெரிந்தால் போய்ச் சொல்லுங்கள்.

மெதுவாக. இப்போதுதான் கண் அசந்தாள்.