வராத பாட்டு

மாப்பிள்ளை வீட்டு வாசல் மணியை அழுத்துவதற்கு முன்னால் லுப்னா அம்மாவின் முக்காட்டை இழுத்துச் சரிசெய்தாள். "அம்மா, உள்ள போனதும் சிரிச்சாப் போதும், பேசாத. நம்ம பேச்சு இவங்களுக்குப் புரியாது." மகளின் மருதாணிச் சடங்குக்காக மொராக்கோவின் கெனிஃப்ரா மலையிலிருந்து விடியலிலேயே பஸ் ஏறி காசாபிளாங்காவுக்கு வந்திருந்த இத்தோ, வெண்ணெய்ச் சட்டியைக் கை மாற்றிக்கொண்டு, "சரி கண்ணு, வாயே தொறக்கல" என்றாள்.

மாப்பிள்ளை அனஸுடையது ஃபெஸ் நகரத்துப் பழைய அரபிக் குடும்பம். தேநீர் ஊற்றும்போதே அவனுடைய பெரியப்பா ஆரம்பித்துவிட்டார். சும்மா இருந்தால் அவருக்கு வாய் வலிக்கும் போல. "உங்க மலைக்காரங்களைப் பர்பர்னு சொல்றோமே, என்ன அர்த்தம் தெரியுமா மருமகளே? பர்... பர்...னு உளர்றவன். கிரேக்கன் காதுல அப்படி விழுந்துச்சாம். ரோமாக்காரன் அதையே புடிச்சுக்கிட்டான், அப்புறம் நாமளும். ஆடு கத்துற மாதிரின்னு வச்சுக்கயேன்." எல்லாரும் சிரித்தார்கள். லுப்னாவும் சிரித்தாள். இதே வார்த்தைக்காகப் பள்ளிக்கூடத்தில் ஒருத்தியின் சடையைப் பிடித்து உலுக்கியவள் அவள். 'நாங்க அமாசிக். யாருக்கும் அடங்காதவங்கன்னு அர்த்தம், எங்கம்மா சொல்லியிருக்கா' என்று கத்தியவள். இன்று என்ன வந்தது அவளுக்கு? கல்யாணம் நடக்கவேண்டும், அவ்வளவுதான்.

இத்தோவுக்கு அரபி பேச வராதே தவிர, சந்தையில் கேட்டுக் கேட்டு முக்கால்வாசி புரியும். அவள் பெரியப்பாவைப் பார்க்கவில்லை. சிரிக்கிற மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருதாணித் தட்டு வந்தது. அவர்கள் மலையில், மகள் கையில் முதல் மருதாணி வைக்கும்போது தாய் தானே கட்டிய இரண்டு வரியைப் பாடவேண்டும். வேறு யாருக்கும் அந்த உரிமை கிடையாது. லுப்னாவுக்கான வரிகளை இத்தோ ஆடு மேய்க்கும்போதெல்லாம் முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டால், 'அன்னிக்குக் கேட்டுக்க' என்பாள்.

"உங்க பக்கம் அம்மாதான் பாடுவாங்களாமே? பாடச் சொல்லும்மா, ஆசையா இருக்கு" என்றாள் அனஸின் அம்மா. நிஜமாகவே ஆசையாகத்தான் கேட்டாள், பாவம்.

இத்தோ நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினாள். பெரியப்பாவின் உதட்டோரம் சிரிப்பு கிளம்புவதை லுப்னா பார்த்துவிட்டாள்.

"அவங்களுக்குப் பாட்டு வராது அத்தை" என்றாள் அரபியில், வாய் கூசாமல்.

பெண்கள் குலவையிட்டார்கள். இத்தோ குனிந்து மகளின் உள்ளங்கையில் மருதாணியை அப்பினாள்.

பஸ் நிலையம்வரை லுப்னா திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி கூடவே வந்தாள். அம்மா படியில் கால் வைத்ததும் தாங்கவில்லை. "தப்புப் பண்ணிட்டேம்மா. இப்பப் பாடேன், எனக்கு மட்டும்." தங்கள் மொழியில்தான் கேட்டாள்.

இத்தோ திரும்பி மகளின் கன்னத்தை ஒருமுறை தடவினாள். பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, அரபியில் சொன்னாள். "எனக்கு... பாட்டு... வராது."

பஸ் கிளம்பியது. மூடிய சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் அம்மாவின் உதடுகள் அசைந்தன. லுப்னா கண்ணாடியைத் தட்டிக்கொண்டே கூட ஓடினாள். தட்டிய இடமெல்லாம் ஈர மருதாணி ஒட்டிக்கொண்டது.