நாலாம் இயல்

…இல்லை, பேசத்தான் போகிறேன், நாலாம் இயலை விட்டுவிட்டுப் பேசுவதற்கு நான் எதற்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தேர்வாளர்களுக்கு மைசூர்பாகும் மிக்சரும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, காலாப்பட்டுப் பல்கலைக்கழகம் வரைக்கும் போக வேண்டும்… பேருந்து முத்தியால்பேட்டையைத் தாண்டிவிட்டது, போய் இறங்கினால் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு, நெறியாளர் பலராமன் சார் நேற்று நல்லவிதமாகத்தான் சொன்னார், "நாலாவத மட்டும் தொடாதம்மா சிந்துஜா, தேர்வுக்கு வர்றவரு எழுதுனதத்தான் நீ அதுல மறுக்கிற, மனுஷன் கோவக்காரு, திருத்தி எழுதிட்டு வான்னுட்டாருன்னா இன்னொரு வருஷம் போயிடும்." போகட்டுமே. போனால் கல்லூரி வேலையும் போகும், பட்டம் கையில் இருந்தால்தான் சேர்ப்போம் என்றுவிட்டார்கள், எல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன்… அந்தத் தேர்வாளர் அனுப்பிய அறிக்கையில் நாலாம் இயலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, படிக்கவே இல்லையோ என்னவோ, படித்திருந்தால் கொதித்திருப்பார்.

அப்படி என்ன எழுதிவிட்டேன்? நவீன நாவல்களில் ஒருவன் அறைக்குள் உட்கார்ந்து, நான் யார், எதற்காக இருக்கிறேன் என்று பக்கம் பக்கமாக யோசிக்கிறான், அதுதான் மனிதனின் ஆதித் தனிமை என்கிறார் அவர், பிறக்கும்போதே அந்நியனாகப் பிறக்கிறானாம்… நான் கேட்டது ஒன்றுதான், அவன் யோசித்து முடிக்கும் வரை சோறு பொங்கியது யார்? அவளுக்கு நாவலில் ஒரு பெயர்கூடக் கிடையாது. அதெல்லாம் வீட்டு விஷயம், தத்துவம் இல்லை என்பார், சொல்லட்டும், சுவர் இருந்தால்தானே சித்திரம், வயிறு காய்ந்தவனுக்கு எங்கிருந்து வரும் ஆதித் தனிமை… இதை இப்படியே சொல்லலாமா, கொஞ்சம் கடுமையோ, 'ஐயா' என்று தொடங்கிச் சொல்லிவிடலாம், மரியாதைக்கு மரியாதை, வாதத்துக்கு வாதம்.

பிள்ளைச்சாவடி, ஜன்னல் வழியாகக் கருவாட்டு வாசனை, கைபேசி அடிக்கிறது, வீட்டிலிருந்து நாத்தனார் அமுதவல்லி, "அண்ணி, கவிநிலாவுக்குக் காய்ச்சல் உட்டுடுச்சி, கஞ்சி குடிச்சிட்டுத் தூங்குது, நீங்க ஒண்ணும் நெனைக்காம போய் நல்லா பேசிட்டு வாங்க." அப்பாடா, குழந்தை தூங்குகிறாள், மனசு லேசாகிவிட்டது, விட்ட இடத்தைப் பிடிக்க வேண்டும், எங்கே விட்டேன், சோறு பொங்கியது யார், ஆமாம், அவனுக்கு யோசிக்க நேரம் கொடுத்தது யார்… இன்றைக்கு அமுதவல்லிக்குக் காலை ஷிப்ட் ஆயிற்றே? மருந்துக் கம்பெனியில் சொல்லாமல் லீவு போட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள், நீ வேலைக்குப் போகவில்லையா என்று ஒரு வார்த்தை கேட்டேனா நான்… கதவைச் சாத்திக்கொண்டு இந்த இயலை எழுதிய நாளெல்லாம், "கத்தாதடி, அம்மா எழுதுறாங்க" என்று குழந்தையைத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனவளும் அவள்தானே. பேசத்தான் போகிறேன், அதில் மாற்றமில்லை, ஒரு வரிகூடக் குறைக்கமாட்டேன், ஆனால் "நீ எழுதுனப்ப கதவுக்கு வெளிய யாரும்மா நின்னா?" என்று அவர் கேட்டுவிட்டால்… கேட்கமாட்டார், அவருக்கு அது தோன்றாது. எனக்கே, இந்த இயலை எழுதியவளுக்கே, இறங்குகிற இடம் வந்தபிறகுதான் தோன்றுகிறது.