மலை சோற்றுக்கைப் பக்கம்

அந்த வருஷத்து மே லீவு என்றால் கஸ்தூரிக்கு முதலில் நினைவுக்கு வருவது குதிகால் எரிச்சல்தான். மாம்பழம், கிணற்றுக் குளியல், மாமா வீட்டுக் கன்றுக்குட்டி எல்லாம் அதற்குப் பிறகுதான் வரும்.

எழுபத்தெட்டாம் வருஷம். அவளுக்குப் பத்து வயது, தம்பி வேணுவுக்கு நாலு. பள்ளிக்கூடம் மூடிய மறுநாளே அம்மா தனம் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு மெட்ராஸில் பஸ் ஏறிவிட்டாள். அப்பாவுக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை; அதற்காக அவர் பெரிதாக வருத்தப்பட்ட மாதிரியும் தெரியவில்லை. அடி அண்ணாமலையில் அம்மாவின் தம்பி ராஜமாணிக்கம் மாமாவின் வீடு. வருஷா வருஷம் போகிற இடம்தான். இந்தத் தடவை அம்மா கூடவே ஒரு வேண்டுதலையும் கொண்டு வந்திருந்தாள்.

மாசியில் வேணுவுக்கு அம்மை போட்டு மூன்று நாள் கண்ணே திறக்காமல் கிடந்தான். பிள்ளை பிழைத்தால் ஒரு வார்த்தை பேசாமல், ஒரு தடவைகூடத் திரும்பாமல் மலையைச் சுற்றி வருகிறேன் என்று அம்மா அண்ணாமலையாருக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்துவிட்டான். சாமி விஷயத்தில் அம்மா ஒரு பிடி அரிசி குறைக்க மாட்டாள்.

முந்தின நாள் சாயங்காலமே கஸ்தூரியைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிவிட்டாள்.

"நாளைக்கு நடக்க ஆரம்பிச்சா முடியற வரைக்கும் நான் வாய் தொறக்க மாட்டேன். திரும்பியும் பாக்க மாட்டேன். தம்பியப் பத்திரமா கூட்டிட்டு வர்றது உன் பொறுப்பு."

"நான் திரும்பலாமா?"

"யாரும் திரும்பக் கூடாது. மலை எப்பவும் சோத்துக்கைப் பக்கமே இருக்கணும். பாதில திரும்பி நடந்தா நேந்துக்கிட்டது அத்தனையும் போச்சு. அப்புறம் இவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னைக் கேக்காத."

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள். கஸ்தூரிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

விடியற்காலையில் ராஜகோபுரத்துக்கு எதிரே சூடம் ஏற்றிக் கிளம்பினார்கள். முன்னால் அம்மா, நடுவில் பிள்ளைகள், கடைசியில் மாமா. யார் காலிலும் செருப்பில்லை. அக்னி நட்சத்திரம் பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது. ஏழு மணிக்கெல்லாம் தார் ரோட்டில் கால் வைக்க முடியவில்லை. ஓரத்து மண்ணில் வைத்தால் நெருஞ்சி முள். அம்மாவோ யாரோ கையைப் பிடித்து இழுக்கிற மாதிரி போய்க்கொண்டே இருந்தாள்.

அடி அண்ணாமலை வந்ததும் மாமா நின்றார். "நீங்க நடந்துட்டே இருங்க. நான் வீட்டாண்ட போய் மோர் எடுத்துட்டு வந்துடறேன்."

ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வேணு உட்கார்ந்துவிட்டான். "தூக்கு" என்றான். ஏற்கெனவே மூன்று தடவை தூக்கியாகிவிட்டது. அவள் இடுப்பு விட்டுப்போயிருந்தது. முன்னால் அம்மாவின் மஞ்சள் புடவை ரோட்டு வளைவில் மறையப் போகிறது. கூப்பிடவும் முடியாது, கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். கஸ்தூரிக்குக் கோபம் கோபமாக வந்தது. அவனைத் தரதரவென்று இழுத்துப் போய் ஒரு புளியமரத்தடியில் உட்கார வைத்தாள்.

"இங்கியே இரு. மாமா பின்னாடியே வராரு, உன்னைத் தூக்கிட்டு வருவாரு. அதுக்குள்ள எழுந்தேன்னா தோலை உரிச்சுடுவேன்."

தனியாக நடந்தபோது அவளுக்குச் சுகமாகத்தான் இருந்தது. அதை அவள் எந்தக் காலத்திலும் மறைத்ததில்லை.

வளைவைத் தாண்டினாள். முன்னால் வயலுக்குள்ளிருந்து மாமா ரோட்டில் ஏறினார். கையில் மோர்த் தூக்கு.

"வெயில் ஜாஸ்தியா இருக்குதுன்னு வரப்பு மேல குறுக்கால வந்துட்டேன்," என்றார். "வேணு எங்கம்மா?"

உண்மையைச் சொன்னால் மாமா கத்துவார். மாமா கத்தினால் அம்மா திரும்புவாள். அம்மா திரும்பினால் வேண்டுதல் போச்சு, வேணு போச்சு. பத்து வயது மூளை இத்தனையையும் ஒரு நொடியில் கூட்டிக் கழித்துவிட்டது.

"அம்மாகூட முன்னாடி போயிட்டான்."

"அந்தக் காலை வெச்சுக்கிட்டா அவ்ளோ வேகமா நடக்கறான்? பரவால்லையே," என்று சொல்லிவிட்டு மாமா அம்மாவைப் பிடிக்க எட்டி நடந்தார்.

அவர் போன பிறகுதான் அந்தக் கிணறு அவளுக்கு நினைவு வந்தது. புளியமரத்துக்குப் பின்னால், பத்தடியில், சுற்றுச்சுவர் இல்லாத கிணறு. உட்கார வைக்கும்போது பார்த்திருந்தாள். அப்போது அது வெறும் கிணறாக இருந்தது. இப்போது அதன் ஓரத்தில் குனிந்து எட்டிப் பார்க்கும் வேணு தெரிந்தான்.

ஓட வேண்டும். ஆனால் திரும்பக் கூடாது. கால் நகராமல் ரோட்டிலேயே நின்றாள். பிறகு ஒரு வழி தோன்றியது. முகம் இப்படியே இருக்கட்டும், கால் மட்டும் பின்னால் போகட்டும். மலை சோற்றுக்கைப் பக்கமேதான் இருக்கும். சாமியால் ஒரு குற்றம் சொல்ல முடியாது.

பின்னாலேயே நடந்தாள். குதிகால் கல்லில் இடித்தது, முள்ளில் ஏறியது. இரண்டு தடவை மல்லாக்க விழுந்து, முகத்தைத் திருப்பாமலே எழுந்தாள். விறகுக்கட்டோடு வந்த ஒருத்தி, "இன்னாடி இது கூத்து, வண்டி வந்தா என்ன ஆவ?" என்று அதட்டிவிட்டுப் போனாள். நின்றால் அழுதுவிடுவோம் என்று கஸ்தூரி நிற்கவில்லை.

"வேணு" என்று எதிர்ப்பக்கம் பார்த்தபடியே கத்தினாள். பின்னாலிருந்து பதில் இல்லை.

அப்போது வளைவில் மஞ்சள் புடவை தெரிந்தது. அது இவளை நோக்கி வந்தது. அம்மா ஓடி வந்தாள். கொண்டை அவிழ்ந்து, முந்தானை மண்ணில் புரள, மலையை இடப்பக்கம் போட்டுக்கொண்டு, "வேணு, டேய் வேணு" என்று ஊரே கேட்கக் கத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"அம்மா, திரும்பாத, திரும்பாதம்மா," என்று கஸ்தூரி அழுதாள். அம்மா அவளை ஏறெடுத்தும் பார்க்காமல் தாண்டிப் போனாள்.

கஸ்தூரி அப்படியே நின்றாள். அம்மா விட்டதை இனி அவள்தான் காப்பாற்ற வேண்டும். கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் அம்மாவின் குரல் தூரம் போய்க்கொண்டே இருந்தது. திடீரென்று அதுவும் நின்றுபோனது.

மாமா மூச்சிரைக்க வந்து அவள் தோளில் கை வைத்தார். "திரும்பிப் பாரும்மா."

"மாட்டேன்."

"பாரும்மா."

"மாட்டேன் மாமா. நான் திரும்பினா அவன் செத்துப்போயிடுவான்."

கொஞ்ச நேரத்தில் காலடிச் சத்தம் கேட்டது.

"அக்கா, மாமா வரவே இல்ல," என்றது ஒரு குரல். "நான் எழுந்துக்கவே இல்ல. ஒண்ணுக்குக்கூட அங்கியே போயிட்டேன்."

அப்போதும் அவள் திரும்பவில்லை. கண்ணீர் மட்டும் கொட்டியது. "நான்தாம்மா அவன உட்கார வெச்சுட்டு வந்தேன். பொய்யும் சொன்னேன்," என்றாள் எதிரே இருந்த வெற்று ரோட்டைப் பார்த்து.

அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள். அம்மா வேணுவை இறக்கிவிட்டு, கீழே உட்கார்ந்து, அவள் குதிகாலைத் தூக்கிப் பார்த்தாள். ரத்தமும் மண்ணுமாக இருந்தது. அம்மாவுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"பின்னாலயே நடந்தியா?"

"ம்."

அம்மா எழுந்து அவள் இரண்டு தோளையும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "சாமிகிட்ட நான் பேசிக்கறேன். நீ வாடி வீட்டுக்கு."

மலை இடப்பக்கம் வர, மாமாவோடு மூவரும் வந்த வழியே திரும்பி நடந்தார்கள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்த்து அம்மா வழி நெடுகப் பேசினாள். மோர் புளித்துவிட்டது என்றாள், ஊர்க் கிணறுகளுக்கெல்லாம் சுவர் கட்டத் துப்பில்லை என்றாள், அப்பாவுக்கு லெட்டர் போட வேண்டும் என்றாள். வேண்டுதலைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் எழுந்ததும் கஸ்தூரி முதல் வேலையாக வேணுவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சுடவில்லை. அதற்கு மறுநாளும் தொட்டுப் பார்த்தாள். மூன்றாம் நாள் விடிந்ததும் கையை நீட்டியபோது, அங்கே ஏற்கெனவே அம்மாவின் கை இருந்தது.