இரண்டு பைக்கு ஒரு மீட்டர்

பனியன் யூனிட்டின் கம்ப்ரஸர் மெக்கானிக் இசக்கிமுத்துவுக்குக் கோபம் வந்தால் கம்ப்ரஸர் ரூம் பக்கம் யாரும் தலை வைக்க மாட்டார்கள். அன்று செவ்வாய்க்கிழமை காலை வந்தது சாதாரணக் கோபம் இல்லை. கையிலிருந்த ஸ்பேனரைத் தூக்கிச் சுவரில் அடித்தான். எதிரே நின்ற நதியா அசையவில்லை. அவனைப் பார்த்துப் பயப்படுகிற கட்டத்தையெல்லாம் தாண்டித்தான் அவள் அங்கே வந்திருந்தாள்.

நதியாவுக்கு அதே பனியன் யூனிட்டில் செக்கிங் வேலை. அவள் புருஷன் ராபின், போன வெள்ளிக்கிழமை வரைக்கும் முதலாளி தனபாலின் டிரைவர். நாசரேத்துப் பக்கத்துப் பையன். ஏழு வருஷத்துக்கு முன்னால் இசக்கிமுத்துதான் அவனை நெருப்பெரிச்சல் என்கிற இந்த ஊருக்குக் கூட்டிவந்து வேலைக்குச் சேர்த்துவிட்டான்.

"நாலு நாளா வெளிய வரல்லண்ணே," என்றாள் நதியா. "பாப்பாவ சைக்கிள்ல வச்சி ஸ்கூல்ல விட்டுட்டு வாங்கன்னு சொன்னேன். கைய விரிச்சி விரிச்சிப் பாக்காவ. எங் கையி சரியில்ல, நீயே கூட்டிட்டுப் போங்காவ. எனக்கு பயமா இருக்குண்ணே."

"அவன் கைக்கு என்னட்டீ கொள்ள? எல்லாம் அந்த மனுசன் பண்ணின வேல!" என்று கத்தினான் இசக்கிமுத்து. அந்த மனுசன் என்றால் தனபால்.

தனபாலிடம் ஒரு வீட்டு வண்டி இருந்தது. பஸ்ஸின் அடிச்சட்டமான சேஸின் மேல் கட்டில், அலமாரி, கை கழுவும் தொட்டி, தண்ணீர் டாங்கி, சின்ன ஜெனரேட்டர் என்று ஒரு குடித்தனத்தையே வைத்துக் கட்டிய வண்டி. அவர் அதைக் கேரவன் என்பார். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர்கள் வந்தால் ஓட்டலில் உட்காரவைத்து சாம்பிள் காட்டுவது அவருக்குப் பத்தாது. வண்டியிலேயே காட்டி, வண்டியிலேயே காபி கொடுத்து, அப்படியே மலையையும் சுற்றிக் காட்டியாக வேண்டும். இத்தனை சாமானையும் ஏற்றியதில் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. அதைத் தூக்கி நிறுத்தப் பின் அச்சின் மேல் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என இரண்டு ரப்பர் காற்றுப் பைகள் வைத்தார்கள். பைகளில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று டிரைவர் பார்த்துக்கொள்ள, ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர் வேண்டும். அந்த மீட்டரைப் பொருத்திக் கொடுத்தது இசக்கிமுத்து.

வெள்ளிக்கிழமை ராபின் நாலு ஜெர்மனிக்காரர்களோடு வால்பாறை மலையிலிருந்து இறங்கினான். கூடவே தனபாலும் இருந்தார். ஒரு நீண்ட வளைவில் வண்டி இடது பக்கம் சாய்ந்தது. சாய்ந்தது நிமிரவே இல்லை. தடுப்புச் சுவரை உரசிக்கொண்டு நின்றது. பையர் அம்மாள் ஒருவருக்கு மணிக்கட்டு பிசகிப்போனது. மலையடிவாரத்துக்கு வந்ததும் தனபால் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "உங்க கை சரியில்லீங்க ராபின். இனிமே வர வேண்டாமுங்க" என்று, எப்போதும் போல மரியாதையாகவே சொன்னார். ஆளைத் திட்டுகிறவனைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இப்படி மரியாதையாகக் கழுத்தை அறுக்கிறவனை என்ன செய்வது என்று இசக்கிமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வேகமாகப் போகிற பையன் இல்லை ராபின். டாங்கியும் ஜெனரேட்டரும் இடது பக்கமாகவே இருக்கின்றன. பையில் எங்கேயோ லீக்கும் இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடித்துத் தனபாலின் மூஞ்சியில் எறிந்தால்தான் ஆறும். "இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள அவன் மேல தப்பு இல்லன்னு நிரூபிக்கேன், நீ போ" என்று நதியாவை அனுப்பிவிட்டு ஷெட்டுக்கு நடந்தான்.

வண்டி ஷெட்டில் நின்றது. சோப்புத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு அடியில் புகுந்து இரண்டு பையிலும், டியூப் முழுக்கவும் தடவினான். ஒரு குமிழிகூட வரவில்லை. லீக் இல்லை. கோபம் இன்னும் ஏறியது. லோடு ஏற்றுகிற நல்லானைக் கூப்பிட்டு, துணி ரோல்களைக் கொண்டுவந்து வண்டிக்குள் இடது ஓரமாக அடுக்கச் சொன்னான்.

"எத்தன ரோலுங்க?" என்றார் நல்லான்.

"நான் போதும்னு சொல்லுத வரைக்கும் அடுக்கும்."

இருபது ரோல் ஏறியது. இடது பக்கம் இறங்கியது. அது இறங்கத்தான் செய்யும். ஆனால் அதே நேரம் வலது பக்கம் மெல்ல மேலே எழும்பியது. இசக்கிமுத்து முன்னால் ஓடிப்போய் மீட்டரைப் பார்த்தான். முள் நாலைக் காட்டியபடி சும்மா நின்றது. திரும்பவும் அடியில் போய்ப் படுத்தான். டியூபுக்குள் உஸ்ஸென்று காற்று ஓடுகிற சத்தம் கேட்டது. இடது பையிலிருந்து வலது பைக்கு.

அப்படியே கிடந்தான்.

பனியன் கம்பெனியில் காற்று ஒரே பெரிய குழாயில் வரும். அதிலிருந்து கிளை கிளையாகப் பிரிந்து ஒவ்வொரு மெஷினுக்கும் போகும். ஐம்பது மெஷின் ஓடினாலும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மீட்டர்தான். பதினாலு வருஷமாக அவன் போட்ட லைன் எல்லாம் அப்படித்தான். வீட்டு வண்டிக்கும் அதே பழக்கத்தில் இரண்டு பையையும் மூன்று வாய் ஜாயின்ட் ஒன்றில் சேர்த்து, அதிலிருந்து மீட்டருக்கு ஒரு டியூப் இழுத்துவிட்டான். டியூப் கூட மெஷினுக்குப் போடுகிற தடிமனான நீல டியூப். மெஷினுக்கு அது சரி. வண்டியில் ஒவ்வொரு பையும் தன் பக்கத்தைத் தனியாகத் தாங்க வேண்டும். வளைவில் பாரம் இடது பக்கம் விழுந்தால் இடது பை முட்டுக்கொடுத்து நிற்க வேண்டும். இவன் வழி திறந்துவிட்டதால் அது காற்றை வலது பைக்குக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

மீட்டர் மாட்டின அன்றைக்கே ராபின் கேட்டான். "ரெண்டு பைக்கும் ரெண்டு மீட்டர் வேண்டாமாண்ணாச்சி? பஸ்ல எல்லாம் ரெண்டு முள்ளுல்லா இருக்கும்?" என்றான். "காத்து என் சமாச்சாரம், நீ ஸ்டீரிங்கப் பிடில" என்று நாலு பேர் முன்னால் அவன் வாயை அடைத்தது இதே இசக்கிமுத்துதான். காலையிலிருந்து தனபாலுக்காகச் சேர்த்துவைத்த கோபமெல்லாம் இப்போது அவன் மேலேயே வந்து விழுந்தது. நல்லான் குனிந்து, "என்னங்க ஆச்சு?" என்று கேட்டபோது அடியிலிருந்து வெளியே வந்து, ரோலையெல்லாம் இறக்கச் சொல்லிவிட்டு நடந்தான்.

ராபின் குடியிருந்த லைன் வீட்டுக்கு நேராகப் போனான். ராபின் பாயில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாடி வளர்ந்திருந்தது. இசக்கிமுத்து நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். வழியில் யோசித்துவைத்த நல்ல வார்த்தை எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"உன் கையில ஒண்ணுமில்லல. நான் போட்ட லைன்தான் தப்பு."

ராபின் எழுந்து வந்து ஓங்கி அறைந்தான். ஏழு வருஷமாக அண்ணாச்சி என்ற வாயிலிருந்து வேறு வார்த்தை வந்தது.

"நாலு நாளு வே! அஞ்சு பேரக் கொன்னிருப்பேனேன்னு நாலு நாளாத் தூங்காமக் கெடந்தேன். எம் பிள்ளையத் தொடவே பயந்து கெடந்தேன். நீரு ஒரு நாளாவது உம்ம வேலையச் சந்தேகப்பட்டீரா? சேதி கேட்டதும் அவரத் திட்டினீரு, ஊரத் திட்டினீரு. வெளிய போம்!"

இசக்கிமுத்து வெளியே வந்தான். வாழ்க்கையில் அவன் வாங்கிக்கொண்டு சும்மா வந்த முதல் அடி அதுதான்.

தனபால் மத்தியானம் ஆபீசில் இருந்தார். முழுக்கக் கேட்டார். முகம் சிவந்தது, குரல் மட்டும் ஏறவில்லை.

"ஏனுங்க இசக்கி, மலையில அஞ்சு உசுரு. நானும் உள்ள இருந்தேனுங்க. தெரியாத வேலைய எதுக்குங்க தொட்டீங்க?"

"தெரியும்னு நெனச்சிட்டேன் மொதலாளி."

தனபால் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "சரீங்க. பைய ரெண்டையும் பிரிச்சு, ரெண்டு மீட்டரா, தெரிஞ்ச ஆள வச்சு மாத்திருங்க. இது நம்மளோட இருக்கட்டும். டிரைவர் தப்பு, ஆள நிறுத்தியாச்சுன்னு பையருக்கு மெயில் போட்டாச்சுங்க. புது ஆளு திங்கக்கிழமை வர்றாரு."

"மெயில மாத்திப் போடுங்க. என் பேரப் போடுங்க."

"புரியாமப் பேசறீங்க. கம்பெனி மெக்கானிக் தப்புன்னு எழுதுனா, பையர் ஆளுங்க வர்ற அடுத்த ஆடிட்ல மொதல்ல உங்களத்தான் கேப்பாங்க. இவர இன்னும் வேலைல வெச்சிருக்கீங்களாம்பாங்க. நானு என்னங்க சொல்றது?"

"என்னமும் சொல்லுங்க. பேரப் போடுங்க."

"டிரைவர் நூறு பேரு கெடைப்பாங்க இசக்கி. இந்த ஏர் லைனு பூராவும் உங்களுக்கு மட்டுந்தான் தெரியும்."

அந்தப் பேச்சே போதும் என்றாகிவிட்டது இசக்கிமுத்துவுக்கு. தப்பு செய்தவன் தேவைப்படுகிறவன் என்பதால் தப்பு செய்யாதவன் வீட்டில் கிடக்க வேண்டுமா? கம்ப்ரஸர் ரூம் சாவியை எடுத்து மேஜையில் வைத்தான்.

"அப்ப நான் இப்பவே போறேன். வெள்ளிக்கிழமை சரக்கு கப்பலேறணும்லா, வேற ஆள வச்சி ஓட்டிக்கிடுங்க."

"மெரட்டறீங்களா?"

"ஆமா மொதலாளி, மெரட்டுதேன்."

தனபால் அவனை முறைத்தார். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். எழுதுவதும் அழிப்பதுமாக வெகு நேரம் தட்டினார். அனுப்பிவிட்டு, "போட்டாச்சுங்க. உங்க பேரோட. நாளைக்கு ராபின வரச் சொல்லுங்க" என்றார்.

"நான் சொல்லி வரமாட்டான். மூணு தெரு தள்ளித்தான் வீடு. ரோட்டுல வச்சி அவங்கிட்டச் சாவிய வாங்கினது நீங்க. அவன் வாசல்ல வச்சி நீங்கதான் கொடுக்கணும்."

தனபாலுக்கு அது மெயிலை விடக் கஷ்டமாக இருந்தது. முதலாளி ஒருவர் டிரைவரின் லைன் வீட்டு வாசலில் போய் நிற்பது அந்த ஊரில் நடக்கிற காரியமா? நடக்காது. வேட்டியைச் சரிசெய்தார், ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார், கடைசியில் டிராயரைத் திறந்து வீட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பினார்.

"வழி காட்டோணுமில்லீங்க? நீங்களும் வாங்க."

"பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால ரெண்டாவது லைன், கடைசி வீடு," என்றான் இசக்கிமுத்து. "நீங்க மட்டும் போங்க மொதலாளி. என் மூஞ்சியப் பாத்தா அவன் கதவத் தெறக்க மாட்டான்."