மாமனாரின் கண்ணாடி

மாமனாரின் கண்ணாடிக்கு பிரேம் மாற்றப் போன இடத்தில் கடைக்காரர் சிரித்தார்.

"இதுல பவரே இல்லம்மா. பெரியவர் ஸ்டைலுக்குப் போடுறாரா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா மாடிப்படியில் உருண்டு செத்த அன்று வீட்டில் இருந்தவர்கள் அத்தானும் அவருடைய அப்பாவும் மட்டும்தான். "கண்ணாடி இல்லாம எனக்கு எதுவுமே தெரியாதுங்க, ஒண்ணும் பாக்கல" என்று போலீஸிடம் தேம்பித் தேம்பி அழுதவர் இந்த மாமாதான். மறு வருஷமே அத்தானுக்கு இவளைக் கட்டிவைத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேவிட்டாள். "மாமா, அக்கா தானாவா விழுந்தா?"

பெரியவர் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தார். "அவளும் உன்னை மாதிரிதாம்மா. எதையாவது தோண்டிக்கிட்டே இருப்பா."

வாசலில் அத்தானின் பைக் வந்து நின்றது. அவளுக்குப் போக்கிடம் ஏது? எழுந்துபோய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.