அரிசி வரிசையில் எங்கள் வீட்டுப் பெண்

1

அன்று ஆராதனை முடிந்ததும் மயிலாப்பூரில் எங்கள் சபையின் முன்வாசலில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிற்பாடு நானும் பார்த்தேன் என்று கண்டவர்களும் கிளம்பக் கூடாது. அரிசி மூட்டையின் பக்கத்தில், கையில் படியோடு, என் பெரியப்பா மகன் மாசிலாமணி. அவர் மனைவி சுகிர்தம். போதகர். சபையில் உதவி பெறும் விதவைகள் ஏழெட்டுப் பேர். அவர்களில் பேச்சுக்கு முந்துகிறவள் நொச்சிக்குப்பத்துக் கோவிந்தம்மா. தூணோரம் நான். கடைசியாக ஞானப்பூ, மாசிலாமணியின் இறந்துபோன தம்பியின் மனைவி. எங்கள் வீட்டுப் பெண். அவள் நின்ற இடம்தான் இந்தக் கதை.

இது கதையாக வந்திருக்க வேண்டியதே இல்லை. கிறிஸ்தவக் குடும்பமும் சபையும் விதவைகளை எப்படிப் பராமரிக்க வேண்டும் என்று மாதர் சங்கத்தில் வாசிக்க ஒரு கட்டுரை கேட்டார்கள். ஒப்புக்கொண்டேன். இரண்டு பக்கம் தடங்கலில்லாமல் ஓடிற்று. முதலில் குடும்பம் காக்க வேண்டும். குடும்பம் இல்லாதவளைச் சபை காக்க வேண்டும். இதற்கு உதாரணமாக எங்கள் குடும்பத்தையே காட்டலாம் என்று பேனாவை மையில் தொட்டேன். அதற்கு மேல் ஒரு வரி ஓடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து காகிதத்தின்மேல் உட்கார்ந்துகொண்டது.

பெயர்களை மாற்றவில்லை. மறைக்க வேண்டியது இருப்பவர்கள் மாற்றிக்கொள்ளட்டும்.

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

"1931ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், மாசிலாமணி என்னும் கர்வம் பிடித்த மனிதர்..."

(அடித்தேன். அவருடையது கர்வம் அல்ல, கௌரவம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத வாசகர் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.)

"பாவம் ஞானப்பூ, பசியில் வாடிய முகத்தோடு..."

(இதையும் அடித்தேன். அவளுக்கு வாடிய முகம் கிடையாது. இருந்திருந்தால் நாங்கள் கவனித்திருப்போம். கவனித்திருப்போம் என்றுதான்

இந்த வாக்கியத்தை இப்படியே விடுகிறேன்.)

3

எங்களவர் வீடுகளில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். அதற்குப் பிடி அரிசி என்றே பெயர். அந்தப் பானை சபைக்குப் போகும். எல்லா வீட்டு அரிசியும் ஒரே மூட்டையாகி, மாதத்தின் முதல் ஞாயிறு விதவைகளுக்கு அளக்கப்படும். அளப்பவர் மாசிலாமணி. உறவு உள்ள விதவைக்கு அளக்கக் கூடாது, அவளை உறவே காக்க வேண்டும் என்று சபையில் விதி கொண்டுவந்தவரும் அவரே. நல்ல விதி. இன்றும் நான் அதற்குக் கை தூக்குவேன்.

மாசிலாமணி வீட்டில் உலை வைப்பவள் ஞானப்பூ. ஆகவே பிடி எடுத்து வைப்பவளும் அவள்தான். அவள் கணவன் தேவசகாயம் விஷக்காய்ச்சலில் போனபோது, அடக்கம் முடிந்த கையோடு மாசிலாமணி அவளைத் தம் வீட்டுக்கு அழைத்து வந்தார். தலையை மழிக்கவில்லை. வெள்ளை உடுத்தச் சொல்லவில்லை. மாடவீதிப் பக்கத்து வீடுகளில் நடப்பதையெல்லாம் பார்த்து, நாங்கள் அப்படியல்ல என்று தலை நிமிர்ந்து நடந்தவர்கள் நாங்கள்.

4

அளக்கும்போது மாசிலாமணி முகம் பார்க்க மாட்டார். முகம் பார்த்தால் ஒருத்திக்குக் கூடும், ஒருத்திக்குக் குறையும். பாத்திரத்தை மட்டும் பார்ப்பார். அன்றும் அப்படித்தான், அலுமினியச் சட்டி, மண்கலயம், கிழிந்த முந்தானை என்று பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு பித்தளைத் தூக்குப் பாத்திரத்தைக் கண்டு நின்றார். தூக்கின் கழுத்தில் தம்பியின் பெயர் வெட்டியிருந்தது. கலியாணத்துக்கு அவரே நின்று வெட்டுவித்த பெயர்.

நிமிர்ந்தார்.

"ஞானப்பூ, இங்க என்ன வேல உனக்கு? ஜட்கா வண்டியில போய் உக்காரு."

"அரிசி வாங்க வந்தேன் அத்தான்."

பின்னால் நின்ற கோவிந்தம்மாவுக்கு இவர்கள் கௌரவமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. "யம்மோவ், பெரிய வூட்டு அம்மான்னா நடுவுல பூந்துக்கலாமா? வரிசைன்னா வரிசை. எனக்குப் பின்னால நில்லு."

"மன்னிச்சிக்கோங்க" என்று ஞானப்பூ நகர்ந்து, அவளுக்குப் பின்னால் போய் நின்றாள். எங்கள் குடும்பப் பெண், நொச்சிக்குப்பத்துக்காரிக்குப் பின்னால்.

சுகிர்தம் ஓடி வந்தாள். "ஏண்டி, வீட்ல சோறு இல்லையா? ஊரே பாத்துச் சிரிக்கணுமா?"

"இருக்கு அக்கா. எல்லாரும் சாப்பிட்ட பிறகு பானையில மிஞ்சினது இருக்கு. சில நாள் இருக்கு."

"பசிக்குதுன்னு ஒரு வார்த்த சொன்னியாடி நீ?"

"ஒரு தடவ சொன்னேன். விருந்தாளிங்க இருக்காங்க, மெதுவா பேசுன்னீங்க."

போதகர் தொண்டையைச் செருமினார். "அம்மா, சபை விதி உங்களுக்குத் தெரியும். உறவு இருக்கிறவங்களுக்கு..."

"தெரியும் ஐயா. தெனமும் விதவைக்குன்னு என் கையாலதான் பிடி எடுத்து வைக்கிறேன். எடுத்து வச்சிட்டு, நானும் ஒரு விதவைதானேன்னு நெனச்சேன். உறவு இருக்கா இல்லையான்னு அத்தானே சொல்லட்டும். இல்லன்னா இந்த அரிசிய வாங்கிக்கிறேன். இருக்குன்னா, இன்னிக்கி மத்தியானம் எல்லாரோடயும் எனக்கும் ஒரு இலை போடச் சொல்லுங்க. அவ்வளவுதான்."

குரல் உயரவில்லை. அழவும் இல்லை. அழுதிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மாசிலாமணி, அவள் சாப்பிட்டு எப்போது பார்த்தோம் என்று யோசித்திருக்க வேண்டும். அவள் பரிமாறிப் பார்த்திருக்கிறார். பாத்திரம் கழுவிப் பார்த்திருக்கிறார். கிறிஸ்துமஸ் அன்று? எல்லோர் இலையிலும் அவள் கை வந்து போயிற்று. அவள் இலை எங்கே இருந்தது? தம்பி போன நாளிலிருந்து தேடியிருப்பார். அவள் வாயில் ஒரு கவளம் போனதை அவர் கண் ஒருமுறைகூடக் கண்டிருக்காது.

"இன்னா நைனா, மலச்சிகினு நிக்கிற?" என்றாள் கோவிந்தம்மா. "உறவு கீதா, இல்லியா? அந்தம்மா கேக்குதில்ல?"

5

இந்த இடத்தில் "அவர் கை நடுங்கிற்று" என்று எழுதியிருந்தேன். பொய். அந்தக் கை நடுங்காது. "கண் கலங்கிற்று" என்றும் எழுதிப் பார்த்தேன். மாதர் சங்கத்துக்குப் பிடித்திருக்கும். அதுவும் நடக்கவில்லை.

வேறு முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில், "உறவு இருக்கிறது" என்று உரக்கச் சொல்லி அவளைக் கையோடு வீட்டுக்கு அழைத்துப் போகிறார். படிக்க நன்றாக இருந்தது. ஆனால் அப்படிச் சொல்லியிருந்தால், இத்தனை நாள் எங்கே போயிற்று அந்த உறவு என்று கோவிந்தம்மா கேட்டிருப்பாள். அதற்குப் பதில் எழுத எனக்குத் தெரியவில்லை. இன்னொன்றில், விதியைக் காட்டி வெறுந்தூக்கோடு திருப்பி அனுப்புகிறார். அதை அவர்மேல் எழுத என் கை கூசியது.

(ஒரு குறிப்பு: குடும்பம்தான் முதலில் காக்க வேண்டும் என்ற என் கருத்தில் இன்றும் மாற்றமில்லை. காத்தோமா என்று சொல்ல வேண்டியவள் அவள். அவளைக் கேட்காமல் நாங்களே சொல்லிக்கொண்டிருந்தோம். கட்டுரையில் இதற்கு எந்தத் தலைப்பின்கீழ் இடம் கொடுப்பது என்று தெரியாமல்தான் கட்டுரை நின்றது.)

6

நடந்தது இது. கோவிந்தம்மாவுக்கு அளந்தார். அடுத்து ஞானப்பூ வந்தாள். மாசிலாமணி படியை நிரப்பினார். தம்பியின் தூக்கில் கொட்டினார். சபை பார்க்க, போதகர் பார்க்க, மனைவி பார்க்க. உறவு இல்லாதவளுக்கு மட்டும் அளக்கப்படும் அரிசி அது.

சபைமுன் தலைகுனிய வைத்தாளே என்ற கோபத்தில் கொட்டினாரா, அல்லது பொய் சொல்லத் தெரியாத மனிதர், தமக்கெதிரான தீர்ப்பைத் தம் கையாலேயே அளந்து கொடுத்தாரா? இரண்டுக்கும் கை ஒரே மாதிரிதான் அசையும். பக்கத்தில் நின்ற எனக்கே விளங்கவில்லை. அவரைக் கேட்கும் துணிவு எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. வாசகரே, அதை உங்களிடம் விடுகிறேன். நான் முடிவு கட்டப் போவதில்லை.

ஒன்றை மட்டும் திருத்தியாக வேண்டும். ஞானப்பூ அந்த அரிசியைச் சபை வாசலிலேயே கொட்டிவிட்டு எங்கோ போய்விட்டாள் என்று அடையாறு வரைக்கும் ஒரு பேச்சு உலவுகிறது. தவறு. அவள் கொட்டவும் இல்லை, போகவும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, தனிப் பானையில் பொங்கி, தானே ஓர் இலை போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அன்று எனக்கும் அங்கேதான் சாப்பாடு. அவள் முடிக்கும்வரை நாங்கள் காத்திருந்தோம்.